சனிக்கிழமை வரும் நாய்க்குட்டி: குடும்பக் குழு உரையாடல்

அக்கா, காலை 7.42
அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை நாய்க்குட்டியை வீட்டுக்கு அழைத்து வருகிறோம். அன்றைக்கு அதற்கு 8 வாரம் நிறைந்திருக்கும். படுக்கை, கழுத்துப்பட்டை, இரண்டு கிண்ணங்கள், ஒரு பை நிறைய பொம்மைகள் என்று வாங்கி வைத்துவிட்டேன். இன்னும் என்ன வாங்க வேண்டும் என்று, நாய் வளர்த்துப் பழகிய அத்தையும் சித்தப்பாவும் சொன்னால் உதவியாக இருக்கும்.

அத்தை, காலை 7.58
மிகவும் மகிழ்ச்சி, கண்ணு. 8 வாரம் வரை தாயோடு விட்டுவைத்தது நல்லது. உடன்பிறந்த குட்டிகளோடு உருண்டு புரளும் அந்த நாட்களில்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. வாங்க வேண்டியதில் பெரும்பகுதியை வாங்கிவிட்டாய். இனி உனக்கு இருக்கும் வேலை, வீட்டில் ஏற்கெனவே இருப்பவற்றை அப்புறப்படுத்துவதுதான். இன்று ஒவ்வோர் அறையிலும் தரையில் முழந்தாளிட்டு, தலையைத் தாழ்த்தி, குட்டியின் கண் உயரத்திலிருந்து பார். அந்த உயரத்துக்குள் எது அகப்பட்டாலும் அது வாய்க்குள் போகும் என்றே வைத்துக்கொள்.

அக்கா, காலை 9.15
அத்தை, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒயர்கள் கொத்தாகத் தொங்குகின்றன. அலமாரிக் கதவின் அடி இடுக்கில், பாதி கரைந்த அந்துருண்டை ஒன்று தூசியோடு ஒட்டிக்கிடந்தது. சோபாவுக்கு அடியில், பொம்மையிலிருந்து கழன்று விழுந்த பொத்தான் பேட்டரி கிடந்தது. தினமும் பெருக்கும் வீட்டில் இவையெல்லாம் இருந்திருக்கின்றன.

சித்தப்பா, காலை 9.31
அந்த மூன்றுமே ஆபத்தானவை. பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் சில மணி நேரத்திலேயே தசையை அரித்துப் புண்ணாக்கிவிடும். அந்துருண்டையில் உள்ள நாப்தலின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஒயர்களைக் குழாய் உறைக்குள் செலுத்திச் சுவரோடு பொருத்திவிடு. முடியாத இடத்தில் மேசையை நகர்த்தி மறைத்துவிடு. எலி மருந்து எங்காவது வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடு. பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற நம் மாத்திரைகளும் நாய்க்கு நஞ்சு. சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய் ஆகியவற்றைக் குழந்தைகள் தரையில் சிந்தாமல் பார்த்துக்கொள்ளச் சொல். தோட்டத்தில் அரளி இருந்தால் அதற்கு வேலி போட்டுவிடு.

அண்ணன், காலை 10.05
ஒரு செய்தி சொல்ல வேண்டும். இந்த வீட்டில் உனக்கு முன்பு குடியிருந்தவர்கள் வளர்த்த குட்டி, நாய்க்குட்டிகளைத் தாக்கும் தொற்றுநோயான பார்வோவால் இறந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டார் என்னிடம் சொன்னார்கள். அவர்கள் காலி செய்து சில மாதங்கள் ஆகிவிட்டன; இன்னும் அதற்காகக் கவலைப்பட வேண்டுமா, சித்தப்பா?

சித்தப்பா, காலை 10.24
கவலைப்பட்டே ஆக வேண்டும். நல்லவேளையாக முன்கூட்டியே சொன்னாய். நோயுற்ற நாயின் மலத்தில் வெளியேறும் பார்வோ வைரஸ் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். நிழலான ஈர மண்ணில் ஓர் ஆண்டுக்கு மேலும் தாங்கும். சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அது அசைந்துகொடுக்காது என்பதால், வழக்கமாகத் தரை துடைக்கும் திரவத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். முதலில் சோப்பு நீரால் அழுக்குப் போகக் கழுவி, அதை நன்றாக அலசிவிட்டு, பிறகு 1 பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் என்ற கணக்கில் கலந்து, தரை 10 நிமிடமாவது ஈரமாக இருக்கும்படி விட்டுத் துடைக்க வேண்டும். பிளீச்சை வேறு எந்தத் திரவத்தோடும் கலக்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். சன்னல்களைத் திறந்து வைத்து, தரை முழுவதும் உலர்ந்த பிறகே குட்டியை விட வேண்டும்.

மண்ணை இப்படிச் சுத்தம் செய்ய முடியாது. ஆகவே தடுப்பூசித் தவணைகள் முடிந்து, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை தோட்டத்து மண்ணில் குட்டியை இறக்கவே வேண்டாம். தாய்ப்பால் வழியாகக் கிடைத்த எதிர்ப்பாற்றல் எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடுவதால்தான், முதல் ஊசிக்குப் பின் 16 வார வயதுவரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஓர் ஊசி போட்டாயிற்றே என்று வெளியே விட்டுவிடக் கூடாது. சனிக்கிழமைக்கு முன்பே மருத்துவரிடம் பேசி, பார்வோ வந்த வீடு என்பதையும் சொல்லிவிடு.

அக்கா, காலை 10.40
இன்றே பேசிவிடுகிறேன், சித்தப்பா. அப்படியானால் சிறுநீர் கழிக்கப் பழக்குவது எங்கே?

அத்தை, காலை 11.02
பிளீச் போட்டுக் கழுவிய பால்கனியின் ஒரு மூலையில் தாள் விரித்துப் பழக்கு. கம்பி இடைவெளியில் குட்டியின் தலை நுழையாதபடி வலை கட்டிவிடு. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் அங்கே தூக்கிச் செல். உள்ளே எங்காவது போய்விட்டால் அதட்டாதே; அதட்டினால் ஒளிந்து போகத்தான் கற்றுக்கொள்ளும்.

அண்ணன், காலை 11.10
கூண்டு நான் வாங்கித் தருகிறேன். வளர்ந்த பிறகும் ஆகும்படி பெரியதாகவே வாங்கிவிடவா?

அத்தை, காலை 11.18
பெரியதையே வாங்கு, ஆனால் உள்ளே தடுப்புப் பலகை வைக்க வசதி உள்ளதா என்று பார். குட்டி எழுந்து நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடமிருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் ஒரு மூலையில் சிறுநீர் கழித்துவிட்டு மறு மூலையில் படுத்துக்கொள்ளும்.

அம்மா, காலை 11.26
முதல் நாளிலிருந்தே வெளித்திண்ணையில் தனியாகப் படுக்கப் பழக்கினால்தான் பிறகு தொந்தரவு இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது, அண்ணி.

அத்தை, காலை 11.45
நீ சொல்வதன் காரணம் புரிகிறது. ஆனால் அதுவரை தாயின் சூட்டில், கூடப்பிறந்தவற்றின் மேல் தலைவைத்துத் தூங்கிய உயிர் அது. முதல் சில இரவுகள் கூண்டைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்து, அழும்போது விரலை உள்ளே நீட்டினால் போதும், அடங்கிவிடும். பிறகு கூண்டைச் சிறிது சிறிதாக நகர்த்திக்கொள்ளலாம். கண்ணு, குட்டியை வாங்கும்போது தாய் படுத்த துணியில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கு. அங்கே கொடுத்துவந்த உணவையும் கேட்டு, முதல் வாரம் அதையே கொடு. மாற்றுவதானால் ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்று. பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும்.

அக்கா, மாலை 6.30
மருத்துவரிடம் பேசிவிட்டேன். வரும் வழியிலேயே குட்டியைக் காட்டச் சொன்னார். காத்திருக்கும் இடத்தில் தரையில் விடாமல் கையிலேயே வைத்திருக்க வேண்டுமாம். துணித் துண்டும் உணவும் தருவதாகக் குட்டியைக் கொடுப்பவர்கள் ஒப்புக்கொண்டார்கள். நாளைக் காலை தரை கழுவத் தொடங்குகிறோம். அண்ணா, நீங்கள் வரும்போது ஒயருக்கான குழாய் உறையும் வாங்கி வாருங்கள்.

சித்தப்பா, மாலை 6.41
தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்க மறந்துவிடாதே. குடற்புழு மருந்து எந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்.