கொரோனாவால் தள்ளிப்போன தட்டம்மை ஊசியும் மூத்தவனின் காய்ச்சலும்

செம்பூர்த் தாய் (ஜூன் 2021):
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மும்பை செம்பூரில் வசிக்கிறோம். மே மாத நடுவில் என் கணவருக்குக் கொரோனா வந்து, வீட்டிலேயே தனித்திருந்து குணமடைந்தார். அந்த அலைச்சலில், ஒன்பது மாதம் முடிந்த மகளுக்குப் போட வேண்டிய தட்டம்மை–ரூபெல்லா ஊசி தள்ளிப்போய்விட்டது. இப்போது ஹெல்த் போஸ்ட்டுக்கு (மாநகராட்சியின் சிறு சுகாதார நிலையம்) கிளம்பினால், கொரோனாவின் மூன்றாம் அலை குழந்தைகளைத்தான் தாக்கும் என்று கேள்விப்பட்ட என் மாமியார், ஊசி போடப் போய் நோயை வாங்கி வராதே என்று தடுக்கிறார். இதற்கிடையே ஆறு வயது மகனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். சளியும் இருமலும் இல்லை. பெரியவர்களுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரைகளின் பெயர்கள் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகின்றன. அவற்றைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மாட்டுங்கா செவிலியர் (ஓய்வு):
சகோதரி, ஊசியை இனியும் தள்ளிப்போடாதீர்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் ஒன்பது மாத அளவில் பெரிதும் குறைந்துவிடுகிறது. தட்டம்மையோ, எதிர்ப்பாற்றல் இல்லாதவர்களிடையே ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடியது. மூன்றாம் அலை குழந்தைகளை மட்டுமே குறிவைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கமே மே மாதத்தில் தெளிவுபடுத்தியிருக்கிறது என்பதை உங்கள் மாமியாரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அவருடைய பயத்தில் இருப்பது பேரக்குழந்தையின் மேலுள்ள அக்கறைதான். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரே ஒரு பெரியவர் மட்டும் முகக்கவசத்துடன் குழந்தையைத் தூக்கிச் செல்லலாம். நாள் தவறியதால் பழைய ஊசிகளை மறுபடி முதலிலிருந்து போட வேண்டியதில்லை, விட்டதிலிருந்து தொடர்வார்கள். வைட்டமின் ஏ சொட்டு மருந்தையும் அன்றே கேட்டு வாங்கிக் கொடுங்கள். மூத்தவனின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். ஐந்து, ஆறு வயதில் போட வேண்டிய டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் தடுப்பூசி) இரண்டாம் பூஸ்டர் இந்தப் பொதுமுடக்கக் காலத்தில் பல வீடுகளில் விட்டுப்போயிருக்கிறது. ஆனால் அவனது காய்ச்சலுக்குக் காரணம் தெரிந்த பிறகே மகளை அழைத்துச் செல்லுங்கள்.

சயான் குழந்தை மருத்துவர்:
மகனைப் பற்றி எழுதுகிறேன். மழைக்காலத்து மும்பையில் காய்ச்சல் என்றதும் கொரோனாவை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தால், டெங்கு, மலேரியா, தேங்கிய நீரில் நடந்தவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சல் எல்லாம் கண்ணில் படாமல் போய்விடும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும் போதும்: ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில். புட்டியின் மேல் எழுதியிருப்பதை அவசியம் படியுங்கள். ஒரே மருந்து 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் கிடைக்கிறது. ஒரு மூடி என்று ஊற்றினால் அளவு இரு மடங்காகிவிடும். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஐபுப்ரோஃபென் என்ற வலி, காய்ச்சல் மருந்து வேண்டாம். ஆஸ்பிரினும் ஸ்டீராய்டும் மருத்துவர் சொல்லாமல் கூடவே கூடாது.

வீட்டில் ஒருவருக்குக் கொரோனா வந்து நான்கு வாரம் ஆகியிருப்பதால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அறிகுறியே இல்லாமல் தொற்று வந்துபோன சில குழந்தைகளுக்கு, 2 முதல் 6 வாரம் கழித்து உடலின் பல உறுப்புகளில் அழற்சி ஏற்படுகிறது. இது அரிது, ஆனால் காத்திருக்கக் கூடாதது. காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டாலோ, கண் சிவத்தல், தோல் தடிப்பு, வயிற்றுவலி, வாந்தி ஆகியவற்றில் எதுவும் சேர்ந்தாலோ, கணவரின் கொரோனா விவரத்தை முதலிலேயே சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

செம்பூர்த் தாய்:
இருவருக்கும் மிக்க நன்றி. மகளுக்கும் முகக்கவசம் போட வேண்டுமா? வீட்டிலுள்ள ஆக்சிமீட்டரைக் குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாமா?

சயான் குழந்தை மருத்துவர்:
ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு முகக்கவசம் வேண்டாம் என்பதே இம்மாத மத்திய அரசு வழிகாட்டுதல். பெரியவர்களுக்கான ஆக்சிமீட்டர் கைக்குழந்தையின் விரலில் சரியாகப் பொருந்தாது. மகனுக்கு, கை சூடாக இருக்கும்போது அசையாமல் பிடித்துப் பாருங்கள். அதில் தெரியும் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே நின்றால் தாமதிக்காதீர்கள். கருவியைவிட நம்பகமானது மூச்சை எண்ணுவது: சட்டையைத் தூக்கிவிட்டு, அழாமல் இருக்கும்போது, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். மகனுக்கு 30ஐயும் மகளுக்கு 50ஐயும் எட்டினால் அது வேகமான மூச்சு. அன்றே காட்ட வேண்டும். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.