கோடைப் பயிற்சிக்கு மலையேறிய ஆசிரியர்களே, மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

கணக்கு வாத்தியார்
ஊட்டி, மே மாதம், ஐந்து நாள் பணிமனை. கருத்தாளர், பிபிடி, டீ, மறுபடி பிபிடி. உங்களுக்கே தெரியும். நான்காம் நாள் முத்தோரை ரேடியோ தொலைநோக்கிக்குக் கூட்டிப் போனார்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970லிருந்து மலைச்சரிவில் படுத்துக் கிடக்கிறது. “சமதரையை விட்டுவிட்டு ஏன் சரிவில் கட்டினார்கள்?” என்று அங்கிருந்தவர் கேட்டார். நான் முந்திக்கொண்டு “இடம் மிச்சம்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற தொடக்கப்பள்ளி டீச்சர் மடக்கிய குடையைச் சாய்த்துப் பிடித்து, “ஊட்டி அட்சரேகை 11 டிகிரி. சரிவும் அதேவா சார்?” என்றார். அதேதான். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. அந்த அச்சில் உருட்டினாலே போதும், ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் தொடரலாம். 16 வருடமாக அட்சரேகைக்குக் கரும்பலகையில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் குடை என் கண்ணை விட்டுப் போகவில்லை. டீச்சர் எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

பழனிமலைக்காரி
எனக்குக் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். சூரியக் கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை வானியலாளர் எவர்ஷெட் 1909இல் கண்டது இங்கேதான் என்றார்கள், நோட்டில் எழுதிக்கொண்டேன். மனதில் நிற்பது வேறு. சின்னத் தொலைநோக்கி வழியாக வெள்ளை அட்டையில் சூரியனை விழ வைத்தார்கள். அதில் கடுகு மாதிரி ஒரு புள்ளி. அழுக்கு என்று விரலால் தேய்த்தேன். போகவில்லை, என் நகத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. “மேடம், அது பூமியை விடப் பெருசு” என்றார் அதைக் காட்டிக்கொண்டிருந்த பையன். அதற்குள் மேகம் மூடிவிட்டது. எங்கள் பள்ளித் தொலைநோக்கி பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது. சாவிதான் யாரிடம் என்று தெரியவில்லை.

உள்ளதைச் சொல்பவன்
கணக்கு வாத்தியார் சார், குடை இருக்கட்டும். அந்த ஐந்து நாளுக்கு ஈடுசெய் விடுப்பு கிடைத்ததா? நானும் போனேன். பயணப்படிக்கு மூன்று தடவை விண்ணப்பம் கொடுத்தாயிற்று, இன்னும் வரவில்லை. என் பெண்ணின் பிறந்தநாளன்று நான் கூடத்தில் உட்கார்ந்து சார்ட் பேப்பரில் பூ வரைந்துகொண்டிருந்தேன். அன்று போனில் அவள் பேசவே இல்லை. பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. லீவில் ஏன்?

பெரிய டீச்சர்
என் கதை சின்னது. கொடைக்கானலில் குறிஞ்சிச் செடியைக் காட்டினார்கள், பூ இல்லை. 2018இல் பூத்தது, இனி 2030இல்தான் என்றார்கள். எனக்குப் பணி ஓய்வு 2029.
அப்புறம், போகப்போகிறவர்களுக்கு: சொந்த வண்டி என்றால் ஊட்டிக்கும் கொடைக்கும் இ-பாஸ் வேண்டும், முதல் நாளே எடுத்துவிடுங்கள். மே மாதம்தானே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சூரியனைப் பார்க்கக் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் மேகம் ஏறிவிடும். பழனிமலைக்காரி, சாவிக்குக் காத்திருக்க வேண்டாம். பைனாகுலரின் முன்பக்கக் கண்ணாடிகளில் ஒன்றை மூடி, மற்றதை வெயிலுக்குக் காட்டி அட்டையில் பிம்பம் பிடியுங்கள். நேராகப் பார்க்க மட்டும் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள், கூடவே நில்லுங்கள். உள்ளதைச் சொல்பவன் தம்பி, விண்ணப்ப நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்தீர்களா? வாங்கியிருக்க மாட்டீர்கள்.

கணக்கு வாத்தியார்
ஈடுசெய் விடுப்பு கிடைக்கவில்லை சார். நேற்று கோணமானியில் நூல் கட்டி மொட்டைமாடிக்குப் போனேன். அட்சரேகை எத்தனையோ துருவ நட்சத்திரமும் அத்தனை டிகிரி உயரம், புதுக்கோட்டையில் 10 டிகிரியில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் பக்கத்து வீட்டுத் தென்னை நிற்கிறது.