டஜன் உவமையைச் சொன்னால் மோல் பாடம் முடிந்துவிடுமா?

தராசுமுள்:

உயர்நிலை வகுப்பின் தொடக்கநிலை வேதியியலுக்கு ஓராண்டுப் பாடத்திட்டம் ஒன்றை வழித்துணை அம்மையார் இந்த ஆசிரியர் மன்றத்தில் பதிந்திருக்கிறார். முதல் வாரம் அணு அமைப்பு, இரண்டாம் வாரம் அணு, மூலக்கூறு போன்ற துகள்களின் எண்ணிக்கைக்கான அலகான மோல். அந்த மோலுக்கும் ஒரே ஒரு பாடவேளைதான் ஒதுக்கியிருக்கிறார். "டஜன் என்றால் 12, மோல் என்றால் 6.022 × 10²³ என்று சொல்லிவிட்டால் பாடம் முடிந்தது" என்ற அவருடைய வரியைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. பாடம் அங்கே முடிவதில்லை. மாணவனின் குழப்பம்தான் அங்கே தொடங்குகிறது.

டஜன் என்பது கண்ணால் பார்த்துக் கையால் எண்ணி முடிக்கக்கூடிய ஒன்று. அணுவை யாரும் அப்படி எண்ண முடியாது. எண்ண முடியாது என்பதால்தான் மோல் என்ற அலகே தேவைப்பட்டது. எடைபோட்டு எண்ணுவது என்ற அந்த ஒரே கருத்தை டஜன் உவமை மறைத்துவிடுகிறது. டஜனை மட்டும் கேட்டுவிட்டு என் வகுப்புக்கு வருகிற மாணவர்களிடம், ஒரு மோல் கார்பனும் ஒரு மோல் ஈயமும் ஒரே நிறையா என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன். ஆமாம் என்று தயங்காமல் சொல்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். ஒன்று 12 கிராம், மற்றது 207 கிராம் என்று தராசில் வைத்துக் காட்டிய பிறகுதான் அவர்களுடைய முகம் மாறுகிறது.

முதல் ஆறு வாரங்களுக்குத் தராசை மேசையிலிருந்து எடுக்கவே கூடாது என்பது என் கருத்து. மோல் என்ற சொல் அதற்குப் பிறகு வரட்டும்.

வழித்துணை:

36 வாரங்களுக்கு எழுதிய திட்டத்தில் ஐயாவின் கண்ணில் பட்டது ஒரே ஒரு வரி. தனிம வரிசை அட்டவணைக்கு முன்பே பிணைப்பைத் தொட்டிருக்கிறேன், அமில காரப் பாடத்தை ஆண்டின் நடுவில் வைத்திருக்கிறேன். அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. டஜன் மட்டும் அவரை உறுத்துகிறது.

ஒரு டஜன் போல்ட்டும் ஒரு டஜன் நட்டும் ஒரே எடையா இருக்கும் என்று எந்த மாணவனாவது சொல்வானா? எண்ணிக்கை ஒன்று, நிறை வேறு என்பதை டஜனே காட்டிவிடுகிறது. அதை வகுப்பில் எடுத்துச் சொல்லாமல் விடுவது ஆசிரியரின் குறை. உவமையின் மீது அந்தப் பழியைப் போடுவது முறையன்று.

மோலை முன்கூட்டியே சொல்லாவிட்டால், வேதிச்சமன்பாட்டைச் சமன் செய்யும்போது முன்னால் எழுதும் எண்கள் எதைக் குறிக்கின்றன என்று மாணவனுக்கு எப்படி விளக்குவீர்கள்? 2H₂ + O₂ → 2H₂O என்பதில் வரும் இரண்டு, ஒன்று, இரண்டு என்பவை கிராம்கள் என்று அவன் எண்ணிக்கொள்வான். அந்தத் தவறை நான் என் வகுப்பில் கண்டு சலித்துவிட்டேன்.

நுண்ணோக்கி:

இந்த வாதத்தில் ஒரு செய்தியை இருவருமே தொடவில்லை. முன்பு 12 கிராம் கார்பன்-12இல் எத்தனை அணுக்கள் இருக்கின்றனவோ அத்தனை என்றுதான் மோலை வரையறுத்திருந்தார்கள். 2019 மே 20 முதல் அந்த வரையறை நடைமுறையில் இல்லை. இப்போது மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³ துகள்கள். எண் நிலையாகிவிட்டது, கார்பன்-12இன் மோலார் நிறைதான், அதாவது ஒரு மோலின் நிறைதான் இனி அளந்து அறிய வேண்டியது. ஆகவே இன்றைய வரையறைப்படி டஜன் உவமை முன்னைவிடப் பொருத்தமாகிவிட்டது. எடையில்தான் மோல் பிறக்கிறது என்று சொல்லும் தராசுமுள் பழைய வரையறையிலேயே நின்றுகொண்டிருக்கிறார்.

தராசுமுள்:

நுண்ணோக்கிக்கு முதலில் பதில். அளவியல் அறிஞர்கள் அலகை எப்படி நிலைநிறுத்துகிறார்கள் என்பது ஒன்று, பதினான்கு பதினைந்து வயது மாணவன் அந்த அலகிடம் எந்த வழியில் வந்து சேர்கிறான் என்பது வேறொன்று. ஒளியின் வேகத்தைக் கொண்டு மீட்டரை வரையறுத்திருக்கிறார்கள் என்பதற்காகக் குழந்தைக்கு அளவுகோலைக் கொடுக்காமல் ஒளியின் வேகத்தையா சொல்லித்தருகிறோம்? வரையறை மாறியதால் மாணவனின் மேசையில் எதுவும் மாறவில்லை. அவன் இன்றும் தராசில்தான் பொருளை வைக்கிறான்.

அம்மையார் போல்ட்டையும் நட்டையும் எடுத்துக்கொண்டு வந்தது எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் அந்தப் பாடத்தை நானும் நடத்துகிறேன். ஆனால் நான் அவற்றை எண்ணச் சொல்வதில்லை. கட்டி மூடிய பை ஒன்றைக் கொடுத்து, ஒரு நட்டு 4 கிராம், பையில் உள்ளவை 800 கிராம், பையைத் திறக்காமல் எத்தனை நட்டு என்று சொல் என்கிறேன். 200 என்கிறான். அத்தனை நட்டுக்கும் 10 கிராம் போல்ட்டு ஒவ்வொன்று வேண்டுமென்றால் எத்தனை கிராம் கொண்டுவர வேண்டும் என்று கேட்கிறேன். 2,000 கிராம் என்கிறான். எண்ணாமலே எண்ணிக்கையைச் சமப்படுத்திவிட்டான். அடுத்த நாள் 7 கிராம் இரும்புத்தூளுக்கு 4 கிராம் கந்தகம் ஏன் என்று கேட்டால், இரும்பணு கந்தக அணுவைவிட அத்தனை மடங்கு கனமாக இருக்க வேண்டும் என்று அவனே சொல்கிறான். 56க்கு 32 என்பதும் அதே விகிதம்தான் என்று நான் பிறகு அட்டவணையைக் காட்டுகிறேன். இதில் டஜன் எங்கே வந்தது?

கரும்பலகை:

தராசு, தராசு என்று ஐயா சொல்வதைக் கேட்டுக் கேட்டுச் சில உண்மைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. போன ஆண்டு, அணுக்கள் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்களைப் பெற முனைகின்றன என்ற எட்டு எலக்ட்ரான் விதியைப் பற்றி நான் எழுதியபோது, பொட்டாசியத்தைக் காட்டி, மூன்றாம் கூடு 18 எலக்ட்ரான்களைக் கொள்ளுமே, 19ஆவது எலக்ட்ரான் ஏன் நான்காம் கூட்டுக்குப் போகிறது என்று கேட்டு என்னை எல்லோர் முன்னிலையிலும் மட்டம் தட்டியவர் இவர். தொடக்கநிலை மாணவனுக்குச் சற்று எளிமைப்படுத்திச் சொல்வது பொய்யாகாது என்று நான் அன்று மன்றாடினேன். அவர் கேட்கவில்லை. இன்று தன்னுடைய எளிமைப்படுத்தலை மட்டும் நாம் ஏற்க வேண்டும் என்கிறார்.

மெக்னீசிய நாடாவை மூசையில் (மிகுந்த சூட்டைத் தாங்கும் சிறு கிண்ணத்தில்) எரித்து நிறை கூடுவதைக் காட்டும் சோதனையைப் பல முறை இங்கே பரிந்துரைத்தவரும் இவரே. 0.24 கிராம் நாடா எரிந்தால் 0.40 கிராம் ஆக்சைடு வர வேண்டும். நூறில் ஒரு கிராம் காட்டும் பள்ளித் தராசில் அந்த 0.16 கிராம் வேறுபாட்டை வைத்துக்கொண்டு எந்த விகிதத்தை நிறுவுவது? மூடியைச் சற்று அதிகம் தூக்கினால் வெண்புகையாகப் பாதி வெளியேறிவிடும். தூக்காவிட்டால் நாடா எரியாது. என் வகுப்பில் ஒரு குழுவுக்கு நிறை குறைந்தே வந்தது.

இன்னொன்றையும் கேட்கிறேன். எடை மட்டுமே வழிகாட்டும் என்றால், வாழ்நாளெல்லாம் நிறை விகிதங்களோடு வாழ்ந்த டால்டன் நீரை ஒரு ஹைட்ரஜனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்தது என்று ஏன் எழுதினார்? தராசு அவரைக் காப்பாற்றவில்லையே. அவகாட்ரோ வந்து மோலுக்குரிய அந்த எண்ணைக் கண்டுபிடித்த பிறகுதான் வழி பிறந்தது.

முதலாண்டு:

பெரியவர்கள் இடையே புகுவதற்கு மன்னிக்கவும். நான் இந்த ஆண்டுதான் பணியில் சேர்ந்திருக்கிறேன். 32 மாணவர்கள், இரண்டு தராசுகள், 40 நிமிடப் பாடவேளை. வரும் வாரத்தில் மோலைத் தொடங்க வேண்டுமா, ஒத்திவைக்கலாமா என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

நுண்ணோக்கி:

கரும்பலகை ஐயா, அவகாட்ரோ எந்த எண்ணையும் கண்டுபிடிக்கவில்லை. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கனஅளவு வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811இல் சொன்னார். அது எத்தனை என்று அவர் கணக்கிடவே இல்லை, 1856இல் மறைந்துவிட்டார். மூலக்கூறின் அளவை முதலில் மதிப்பிட்டவர் லோஷ்மிட், 1865இல். அந்த மாறிலிக்கு அவகாட்ரோவின் பெயரை வைத்தவர் பெரென், 1909இல். மாணவர்களுக்கு வரலாற்றைச் சொல்பவர்கள் சரியாகச் சொல்ல வேண்டும்.

கரும்பலகை:

பெயரை யார் வைத்தார்கள் என்பதா இங்கே கேள்வி? நான் டால்டனைப் பற்றிக் கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல் ஆண்டுகளை அடுக்குகிறீர்கள். பாடநூலில் அவகாட்ரோ எண் என்றுதான் இருக்கிறது. அதைத்தான் நானும் சொன்னேன்.

தராசுமுள்:

டால்டனைப் பற்றிய கேள்வி நல்ல கேள்வி, அதற்கு நானே பதில் சொல்கிறேன். எடை விகிதம் மட்டும் தெரிந்தால் சேர்மத்தின் வேதி வாய்பாடு தெரியாது என்பது உண்மை. எத்தனைக்கு எத்தனை என்பது தெரியாமல் அணுநிறை கிடைக்காது, அணுநிறை தெரியாமல் எத்தனைக்கு எத்தனை என்பது கிடைக்காது. இந்த முடிச்சில் வேதியியல் அரை நூற்றாண்டு சிக்கிக் கிடந்தது. 1860இல் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய மாநாட்டில்தான், அவகாட்ரோவின் கருத்தைக் கொண்டு அணுநிறைகளை ஒழுங்குபடுத்தலாம் என்று இத்தாலிய வேதியியலாளர் கன்னிசாரோ எடுத்துக்காட்டினார். பெரிய வேதியியலாளர்களே ஐம்பது ஆண்டுகள் தடுமாறிய இடத்தை ஒரு டஜனைச் சொல்லி ஒரு பாடவேளையில் கடந்துவிடலாம் என்பது எப்படிச் சரியாகும்? டால்டனின் தவறை ஒரு முழுப் பாடவேளை எடுத்து நடத்துங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மெக்னீசியச் சோதனையைப் பற்றியும் சொல்கிறேன். கரும்பலகை ஐயாவின் குழுவுக்கு நிறை குறைந்ததற்குப் புகை வெளியேறியதே காரணமாக இருக்கும். ஆனால் புகையே போகாமல் பார்த்துக்கொண்டாலும் நிறை சற்றுக் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் சூடான மெக்னீசியம் காற்றில் உள்ள நைட்ரஜனோடும் சேர்ந்து நைட்ரைடாகிறது. மூசை ஆறியதும் சில துளி நீர் விட்டு முகத்துக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்து, கையால் காற்றை மெல்ல விசிறி முகர்ந்து பாருங்கள், அம்மோனியா நெடி வரும். மறுபடியும் நன்றாகச் சூடாக்கினால் எல்லாம் ஆக்சைடாகிவிடும். அந்த நெடியை ஒருமுறை உணர்ந்த மாணவன், காற்றில் ஆக்சிஜன் மட்டும் இல்லை என்பதை மறக்க மாட்டான். சோதனை தோற்றது என்று அதை ஒதுக்கிவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியாது.

தராசின் நுட்பம் போதாது என்பதை ஏற்கிறேன். ஆனால் அதற்கு மருந்து டஜன் அன்று, அதிகப் பொருளை எடுப்பது. நீல நிறக் காப்பர் சல்பேட்டை 2.50 கிராம் எடுத்து, மென்சுடரில் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். நீலம் ஓரங்களில் வெளுத்து, பிறகு நடுவிலும் வெளுத்து, சாம்பல் கலந்த வெண்பொடியாகும். சுடரைக் கூட்டினால் பொடி கருத்துவிடும். கருத்தால் அந்தக் குழு மறுபடி தொடங்க வேண்டியதுதான். இரண்டு முறை சூடாக்கி எடைபோட்டு, இரண்டும் ஒத்திருந்தால் நிறுத்தலாம். 1.60 கிராம் மிஞ்சும், 0.90 கிராம் நீராகப் போயிருக்கும். 0.90ஐ நீரின் ஒப்பீட்டு நிறையான 18ஆல் வகுத்தால் 0.05. 1.60ஐ நீரற்ற காப்பர் சல்பேட்டின் ஒப்பீட்டு நிறையான ஏறக்குறைய 160ஆல் வகுத்தால் 0.01. ஒன்றுக்கு ஐந்து! படிகத்துக்குள் யாரும் பார்க்கவில்லை, ஒரு மூலக்கூறையும் எண்ணவில்லை, ஆனால் ஐந்து என்ற முழு எண் தராசிலிருந்து வெளியே வந்துவிட்டது. மோலை நான் அறிமுகப்படுத்துவது அந்த இடத்தில்தான். இதை விட்டுவிட்டு டஜனை நீட்டுகிறீர்களே.

வழித்துணை:

ஐயா எழுதியதை நிதானமாகப் படித்தேன். நிறைகளை 18ஆலும் 160ஆலும் வகுக்கச் சொல்கிறார். ஏன் அந்த எண்களால் வகுக்க வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டால் என்ன சொல்வார்? அவை ஒரு மோலின் நிறை என்றுதானே சொல்ல வேண்டும்? மோல் தெரியாமல் அந்த வகுத்தலே நடக்காது. மோலை அறிமுகப்படுத்தும் சோதனைக்கு மோல் முன்கூட்டியே தேவைப்படுகிறது. என் திட்டத்தில் இரண்டாம் வாரத்தில் டஜனைச் சொல்லி அந்தச் சொல்லைப் பழக்கிவிட்டு, எட்டாம் வாரத்தில் இதே காப்பர் சல்பேட் சோதனையை வைத்திருக்கிறேன். அதை ஐயா படித்தாரா என்று தெரியவில்லை.

தராசைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர், 32 மாணவர்களுக்கு இரண்டு தராசு என்று எழுதியிருக்கிற முதலாண்டுக்கு ஒரு வழியும் சொல்லவில்லை. நான்கு பேருக்கு ஒரு குழு என்றாலும் எட்டுக் குழுக்கள். ஒவ்வொரு குழுவும் வெற்று மூசை, பொருளோடு மூசை, முதல் சூடாக்கலுக்குப் பின், இரண்டாவதற்குப் பின் என்று நான்கு முறை எடைபோட வேண்டும். இரண்டு தராசில் 32 எடைகள், இடையே மூசை ஆறும் நேரம். இவையெல்லாம் 40 நிமிடத்துக்குள் எப்படி அடங்கும்?

தராசுமுள்:

18ஆல் ஏன் வகுக்க வேண்டும் என்ற கேள்விக்கு என் மாணவர்கள் நட்டுப் பையைக் கொண்டே பதில் சொல்வார்கள். ஒன்றின் நிறையால் மொத்த நிறையை வகுத்தால் எண்ணிக்கை வரும். உண்மையான நிறை தெரியாமல் ஒப்பீட்டு நிறை மட்டும் தெரிந்திருந்தால், எண்ணிக்கைகளின் விகிதம் வரும். விகிதத்துக்கு மோலும் வேண்டாம், 6.022உம் வேண்டாம். அம்மையார் இதை மட்டும் பொறுமையாக ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். டஜன் என்று தொடங்கியவருக்கு விகிதம் என்ற எண்ணமே எழாது என்று நான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்.

முதலாண்டு தம்பிக்கு: சோதனையை இரண்டு பாடவேளைகளாகப் பிரியுங்கள். முதல் நாள் வெற்று மூசையும் பொருளும் எடைபோட்டு ஒருமுறை சூடாக்கி, ஆறியதும் மூடி போட்டு, ஈரம் உறிஞ்சும் பொருள் உள்ள உலர்கலனில் வையுங்கள். வெளியே வைத்தால் வெண்பொடி காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி நீலமாகும். அடுத்த நாள் மீதி. நான்கு குழுக்கள் சூடாக்கும்போது மற்ற நான்கு குழுக்கள் நட்டுப் பையோடு இருக்கட்டும். மோல் என்ற சொல்லை அதுவரை எடுக்காதீர்கள்.

கரும்பலகை:

ஆக, ஒரு சோதனைக்கு இரண்டு நாள். பொட்டாசியத்துக்கு ஒரு நாள் கேட்டதற்குப் போன ஆண்டு என்ன சொன்னீர்கள் என்பதை நான் மறக்கவில்லை.

வழித்துணை:

தம்பி, தொடங்கிவிடுங்கள். டஜனைச் சொல்லும்போது கையில் ஒரு போல்ட்டையும் ஒரு நட்டையும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். என் திட்டத்தின் இரண்டாம் வாரம் அப்படியே இருக்கும்.

தராசுமுள்:

கையில் வைத்துக்கொண்டு சொல்வது போதாது அம்மா, தராசில் வைக்க வேண்டும். நாளை என் வகுப்பின் எட்டுக் குழுக்களுடைய காப்பர் சல்பேட் நிறைகளையும் இங்கே பதிகிறேன், கருத்துப்போன குழுவினுடையதையும் சேர்த்தே.