புதுப்பிப்பு: லெஸ்லி 122-இல் மைக் வைக்கும் இடம்
ஹேமண்ட் ஆர்கன் (மின் கீபோர்டு) பதிவுக்கு, அதன் ஒலியைத் தரும் லெஸ்லி 122 என்ற சுழல் ஸ்பீக்கர் பெட்டியில், மேல் ஹார்னின் (உயர் ஒலிகளுக்கான புனல் வடிவக் குழாய்) இரு பக்கமும் எதிரெதிரே, பெட்டியின் திறப்புகளை ஒட்டி மைக் வைக்கச் சொல்லியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். சுழலும் இரண்டு ஹார்ன்களில் ஒன்றுதான் ஒலிக்கிறது. மற்றது எடைச் சமநிலைக்கு. ஆகவே 180 டிகிரியில் வைத்து இடம், வலம் என முழுதாகப் பிரித்தால், வேகச் சுழற்சியில் ஒலி தாவித் தாவித் தலைசுற்ற வைக்கும். 90 டிகிரி போதும். தூரம் சுமார் 30 செ.மீ. நெருங்கினால் ஹார்ன் கிளப்பும் காற்று மைக்கில் மோதி 'புஸ் புஸ்' என்று பதிவாகும், நுரை உறை போட்டாலும் முழுதாகப் போகாது.

சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி அடியிலுள்ள டிரம்முக்கு (பேஸ் ஸ்பீக்கரின் கீழ் சுழலும் உருளை) போகிறது. அங்கே ஒரு டைனமிக் மைக், பான் (இடம்-வலம் அமைவு) நடுவில். மோனோவில் (இடம், வலம் இரண்டையும் ஒன்றாகக் கலந்து) கேட்கும்போது பேஸ் மெலிந்தால் அந்த மைக்கின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ் திசையை) மாற்றிப் பாருங்கள்.