மூடியில்லாத கரி அடுப்பில் பீட்சா சுட முடியுமா?

களுவாஞ்சிகுடி வாசகி (கேள்வி):

வணக்கம். எங்கள் வீட்டில் மின் போறணை இல்லை. மீன் சுடுவதற்காக எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்காக வெட்டிச் செய்த கரி அடுப்பொன்று முற்றத்தில் இருக்கிறது. அதற்கு மூடி கிடையாது. ஆகஸ்ட் விடுமுறைக்கு வரும் மருமக்களுக்கு அதிலேயே பீட்சா சுட்டுக் கொடுக்க விரும்புகிறேன். நான் பார்த்த செய்முறைகள் யாவும் மூடியுள்ள அடுப்பையும் பீட்சாக் கல்லையும் வைத்தே பேசுகின்றன. மூடியில்லாமல் சுட்டால் அடி கருகி, மேலே சீஸ் உருகாமல் நின்றுவிடுமா? கல்லுக்குப் பதிலாகத் தரைக்குப் பதிக்கும் டைல்ஸ் வைக்கலாமா? சிரட்டைக் கரி போதுமா?

அக்கரைப்பற்று அடுப்படி:

அக்கா, மூடி இல்லாதது ஒரு தடையே இல்லை. ஆனால் பச்சை மாவின்மீது எல்லாவற்றையும் பரப்பிவிட்டு அடுப்பில் ஏற்றினால் நீங்கள் பயப்படுவதுதான் நடக்கும். நாப்போலி நகரத்து விறகுப் போறணை 450 பாகை செல்சியசை ஒட்டிய சூட்டில் ஒன்று, ஒன்றரை நிமிடத்திற்குள் பீட்சாவைச் சுட்டுத் தருகிறதென்றால், கீழே கல்லும் மேலே வளைந்த கூரையும் ஒரே வேளையில் சூட்டைக் கொடுப்பதே அதற்குக் காரணம். திறந்த அடுப்பிலோ சூடு கீழிருந்து மட்டுமே வருகிறது. ஆகவே மாவைப் புரட்ட வேண்டும். இது புதிய யோசனையுமன்று. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் 1980இல் தொடங்கிய அல் ஃபோர்னோ என்ற உணவகம் பெயர் பெற்றதே மாவைக் கம்பிவலையில் நேரடியாகப் போட்டுச் சுட்டுத்தான்.

கரி முழுவதும் சாம்பல் பூத்த பிறகு, அதைப் பீப்பாயின் ஒரு பாதிக்குத் தள்ளிவிட்டு மறு பாதியை வெறுமையாக விடுங்கள். ஒரு சாண் அகலத்திற்குச் சற்றுக் கூடுதலாகத் தட்டிய மாவின் இரு பக்கமும் எண்ணெய் தடவி, கரியிருக்கும் பக்கத்துக் கம்பியில் இடுங்கள். கம்பிகளுக்கிடையே மா ஒழுகிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். சூடான கம்பியில் பட்டவுடனேயே அடி இறுகிவிடும். சிறிது நேரத்தில் மேற்பரப்பில் கொப்புளங்கள் எழும். அப்போது இடுக்கியால் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். கோடுகள் பழுப்பாக இருந்தால் கரியில்லாத பக்கத்திற்கு இழுத்துப் புரட்டிவிட்டு, வெந்த முகம் மேலே வந்த பிறகே தக்காளிக் குழம்பையும் சீஸையும் மெல்லியதாகப் பரப்ப வேண்டும். பின்னர் அதைக் கரியின் விளிம்புவரை நகர்த்தி, பெரிய அலுமினியச் சட்டியொன்றைக் கவிழ்த்து மூடினால் இரண்டு மூன்று நிமிடங்களில் சீஸ் உருகிவிடும். உங்களுக்கு வேண்டிய மூடி அந்தச் சட்டிதான்.

எல்லாப் பொருட்களும் வெட்டி, துருவி, கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மாவைப் போட்ட பிறகு குசினிக்குள் ஓட நேரமிராது.

கல்லடி வாசகன்:

மேலே சொல்லப்பட்டது சரி. டைல்ஸ் மட்டும் வேண்டாம். பளபளப்புப் பூச்சுள்ள டைல்ஸ் உணவுக்காகச் செய்யப்பட்டதன்று. திடீர்ச் சூட்டில் வெடிக்கவும் கூடும். கல்தான் வேண்டுமென்றால் தடித்த இரும்புத் தோசைக்கல்லை அடுப்போடு சேர்த்தே சூடேற்றிப் பயன்படுத்துங்கள்.

சிரட்டைக் கரி தாராளமாகப் போதும். பற்றிக்கொள்ளச் சற்றுப் பிந்தினாலும், பற்றிய பின் சீராக நின்று எரியும். ஆனால் காய்ந்த சிரட்டையை அப்படியே போட்டு எரித்துக்கொண்டு அதன்மேல் சுடாதீர்கள். அதன் கரும்புகை மாவில் படிந்து கசக்கும்.

ஆகஸ்ட் என்றால் கச்சான் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்தக் காற்று கரியை ஊதி ஒரு மூலையை மட்டும் சிவக்கச் செய்வதோடு, தட்டி வைத்த மாவையும் உலர்த்தித் தோல் கட்ட வைத்துவிடும். காற்று வரும் பக்கத்தில் ஒரு தகரத்தை நிறுத்தி, மாவுருண்டைகளை ஈரத்துணியால் மூடி வையுங்கள். காற்றுக்குப் பயந்து அடுப்பை விறாந்தைக்குள் நகர்த்திவிட வேண்டாம், கரிப்புகை உயிராபத்தானது.

களுவாஞ்சிகுடி வாசகி:

இருவருக்கும் மிக்க நன்றி. மாவின் அளவையும் சொன்னால் உதவியாக இருக்கும். காலையில் குழைத்து மாலையில் சுடலாமா? வாவி இறால் போடலாமென்றும் நினைக்கிறேன்.

அக்கரைப்பற்று அடுப்படி:

கோதுமை மா 500 கிராம், தண்ணீர் 300 கிராம், உப்பு 10 கிராம், ஈஸ்ட் 3 கிராம், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். இது நான்கு பீட்சாவுக்குக் காணும். போறணைக்கென்றால் தண்ணீரைக் கூட்டச் சொல்வேன். கம்பியில் போட்டுப் புரட்டுவதற்குச் சற்று இறுகிய மாவே கைக்கு அடங்கும். நம்மூர் வெக்கையில் இது ஒன்றரை மணித்தியாலத்திற்குள் பொங்கிவிடும் என்பதால், காலையில் குழைத்து வெளியே வைத்தால் மாலைக்குள் புளித்துத் தளர்ந்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் குழைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சுடுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னர் வெளியே எடுங்கள்.

இறாலைப் பச்சையாகப் போடாதீர்கள். மாவின்மேல் இருக்கும் சில நிமிடங்களில் அது வேகாது. விடுகிற தண்ணீரும் மாவை ஊறச் செய்துவிடும். உள்ளி, மிளகாய்த்தூளோடு தாச்சியில் தண்ணீர் வற்றும்வரை வதக்கிவிட்டுப் பரப்புங்கள்.

கல்லடி வாசகன்:

ஒரு சிறு சேர்க்கை. உறைந்த மொசரெல்லாவைத் துருவி அப்படியே போட்டால் அது இளகுவதற்குள் அடி கருகிவிடும். மாவை வெளியே எடுக்கும்போதே அதையும் எடுத்து வையுங்கள். பிள்ளைகளுக்கென்றால் பச்சை மிளகாயைக் கடைசி இரண்டு பீட்சாக்களுக்கு ஒதுக்கிவிடலாம்.