ஆடத் தெரியாதவன் பாலே கம்பெனி நடத்தக்கூடாதாம்!

அடையாறு அம்பி:
நேத்து மயிலாப்பூர் பக்கம் ஒரு லெக்-டெம், அதாவது பேசி விளக்கிக்கிட்டே ஆடிக் காட்டற நிகழ்ச்சி. கடைசில கேள்வி நேரம். மேடையில இருந்த ஒரு பெரிய மனுஷர் மைக்கை வாங்கி, உலகத்துல உருப்படியான பாலே கம்பெனி எல்லாத்தையும் டான்ஸருங்கதான் நடத்தினாங்க, ஆடத் தெரியாதவன் தலைமையில ஒண்ணுகூட தேறினது கிடையாது, நம்ம ஊர்லதான் வக்கீலும் ஆடிட்டரும் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு கலையைக் கெடுக்கறாங்கன்னு ஒரு போடு போட்டார். ஹால் முழுக்க கைத்தட்டல். ஒருத்தராவது எழுந்து டியாகிலெவ்னு ஒரு பேரைச் சொல்லக்கூடாதா? 1909ல பாரிஸ்ல ரஷ்யன் பாலேவைக் கொண்டுபோய் இறக்கினவர். படிச்சது பீட்டர்ஸ்பர்க்ல சட்டம். அப்புறம் பத்திரிகை நடத்தினார், ஓவியக் கண்காட்சி வச்சார். ஆடினதே இல்லை. நிஜின்ஸ்கி, பாவ்லோவா, ஃபோக்கின், மசீன், கடைசில பாலன்ஷீன் வரைக்கும் பெரிய பெரிய டான்ஸருங்க அவர்கிட்ட வேலை பார்த்தவங்க. ஸ்ட்ராவின்ஸ்கியை பாலேக்கு இசை எழுத வச்சதும் பிக்காசோவை செட் வரைய வச்சதும் இந்த ஆடாத ஆளுதான். பதில் சொல்லுங்க பாப்போம்.

சலங்கை சாரதா:
ஆரம்பிச்சுட்டீங்களா அம்பி சார். அந்தக் கூட்டத்துல நானும் இருந்தேன், கைத்தட்டினவங்கள்ல நானும் ஒருத்தி. லண்டன் ராயல் பாலேவை எடுத்துக்கோங்க. 1931ல ஆரம்பிச்ச நினெட் டி வலுவா உங்க டியாகிலெவ் கம்பெனிலயே ஆடினவங்க. அவங்களுக்கு அப்புறம் ஆஷ்டன், மெக்மில்லன், டவல், மோனிகா மேசன், 2012லேர்ந்து கெவின் ஓ'ஹேர், எல்லாரும் ஆடினவங்க. பாரிஸ் ஓபராவுல லிஃபார், நுரேயெவ், லெஃபெவ்ர், ஒரேலி டுபோன். நியூயார்க்ல பாலன்ஷீன், அவருக்கு அப்புறம் பீட்டர் மார்ட்டின்ஸ். நான் இவ்வளவு பேர் சொல்றேன், நீங்க ஒரே ஒரு டியாகிலெவை வச்சுக்கிட்டு எவ்வளவு நாள் சார் ஓட்டுவீங்க?

அடையாறு அம்பி:
ஒரே ஒருத்தர் போதும் மேடம். "ஒண்ணுகூட தேறினது கிடையாது"ன்னுதானே சொன்னார்? ஒண்ணு காட்டிட்டேன். டியாகிலெவ் ஆடினாரா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.

ராயபுரம் ராக்கெட்:
இன்னாபா இது, ஞாயித்துக்கெழம காத்தாலேயே ரஷ்யாக்காரனை இட்டாந்து உக்கார வச்சிருக்கீங்க

ஆடிட்டர் பத்ரி:
ரெண்டு பேரும் வேற வேற வேலையைப் பத்தி பேசறீங்க. பெரிய பாலே கம்பெனில ஆர்ட்டிஸ்டிக் டைரக்டர்னு ஒருத்தர் இருப்பார், என்ன ஆடணும், யாரு ஆடணும், யாருக்கு ப்ரொமோஷன்னு பாக்கறவர். எக்ஸிக்யூட்டிவ் டைரக்டர்னு தனியா இன்னொருத்தர், பணம், தியேட்டர் வாடகை, டோனர், யூனியன் ஒப்பந்தம். முதல் நாற்காலிக்கு பெரும்பாலும் ஆடினவங்க வருவாங்க, ரெண்டாவதுக்கு வரணும்னு கட்டாயமே இல்ல. மைக்கேல் கெய்சர்னு ஒருத்தர், மேனேஜ்மென்ட் கன்சல்டன்ட்டா இருந்தவர், 1995லேர்ந்து 98 வரைக்கும் அமெரிக்கன் பாலே தியேட்டர்ங்கற கம்பெனில எக்ஸிக்யூட்டிவ் டைரக்டர், அப்புறம் லண்டன் ராயல் ஓபரா ஹவுஸுக்கே போனார். எந்த நாற்காலின்னு முதல்ல முடிவு பண்ணுங்களேன்.

சலங்கை சாரதா:
பத்ரி சார், உங்க பேருக்கு முன்னாடியே ஆடிட்டர்னு போட்டிருக்கு, நீங்க யாரு பக்கம் பேசுவீங்கன்னு தெரியாதா.

அம்பி சார், டியாகிலெவ் ஆடலை, சரி. ஆனா தினம் காலைல ரிஹர்சல் நடத்தினது யாரு? கிரிகோரியெவ். 1909லேர்ந்து 1929 வரைக்கும் அந்தக் கம்பெனியோட ரெஜிஸ்ஸூர், அதாவது ரிஹர்சல் மேனேஜர், அவர்தான். பீட்டர்ஸ்பர்க் மாரின்ஸ்கி தியேட்டர்ல ஆடினவர். யாருக்கு உடம்பு சரியில்லை, யாரு இடத்துல யாரை இறக்கணும், பழைய பாலேவை அடி மாறாம திரும்ப எப்படி மேடையேத்தணும், எல்லாம் அந்த மனுஷன் தலையில. டியாகிலெவ் கோட்டுல ஃபர் காலர் வச்சுக்கிட்டு டின்னர் சாப்ட்டார். கம்பெனியை ஓட்டினது டான்ஸர்.

அடையாறு அம்பி:
ஆக, ஆடலைன்னு ஒத்துக்கிட்டீங்க. நன்றி.

சலங்கை சாரதா:
நான் எதையும் ஒத்துக்கல!! கிரிகோரியெவ் ஆடினார்னு சொன்னேன்.

அடையாறு அம்பி:
கிரிகோரியெவுக்கு சம்பளம் கொடுத்தது யாரு? ஆடாத ஆளு. நிஜின்ஸ்கி 1913ல தென் அமெரிக்கா டூர் போன இடத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு தெரிஞ்சதும் வேலையை விட்டுத் தூக்கினது யாரு? டியாகிலெவ். உலகத்துலயே பெரிய டான்ஸரை ஒரு தந்தில தூக்கறதுக்கு அதிகாரம் யார்கிட்ட இருந்துதோ அவன்தான் மேடம் தலைவன், ரிஹர்சல்ல ஒன் டூ த்ரீ எண்ணறவன் தலைவனா? அப்படிப் பார்த்தா நம்ம ஊர் சபாவுல மிருதங்கத்தைத் தூக்கிட்டு வர்ற பையன்தான் கச்சேரி நடத்தறவன். இன்னொண்ணு, டான்ஸர் தலைவரா வந்தா சொர்க்கம்ங்கறீங்களே, பரிஷ்னிகோவைப் பாருங்க. அவரை விட பெரிய டான்ஸர் உண்டா? 1980ல அமெரிக்கன் பாலே தியேட்டர் தலைமைக்கு வந்தார், 1989ல மனஸ்தாபத்துல ராஜினாமா. மில்பியே 2014ல பாரிஸ் ஓபராவுக்கு வந்தார், 2016லயே கிளம்பறேன்னுட்டார். ராஸ் ஸ்ட்ரெட்டன் 2001ல ராயல் பாலேக்கு வந்தார், அடுத்த வருஷமே ராஜினாமா. இவங்க எல்லாரும் டான்ஸர்தானே? ஏன் நிக்கலை?

மாம்பலம் மாமி:
சாரதா சொல்றதுதான் சரி. ஆடின கால் வலி ஆடினவாளுக்குத்தான் தெரியும். எங்க பொண்ணு பத்து வயசுலேர்ந்து கத்துக்கறா, ஒரு சபால ஸ்லாட் கேட்டுப் போனா, அங்க உட்கார்ந்திருக்கறவருக்கு வர்ணத்துக்கும் தில்லானாக்கும் வித்தியாசம் தெரியலை, "எது சின்னதோ அதைப் போடுங்கோ"ங்கறார். இவாளை எல்லாம் டியாகிலெவ்னு சொல்லாதீங்கோ.

அடையாறு அம்பி:
மாமி, அவரை யாரு டியாகிலெவ்னு சொன்னா. நான் டியாகிலெவை டியாகிலெவ்னு சொல்றேன்.

ராயபுரம் ராக்கெட்:
மாமி கரெக்டா சொல்ட்டாங்க, கடைய சாத்துங்க

திருவான்மியூர் தேவா:
நியூயார்க் சிட்டி பாலேன்னா பாலன்ஷீன்னு மட்டும் சொல்றீங்களே சாரதா மேடம், கிர்ஸ்டீனை ஏன் முழுங்கிட்டீங்க? ஹார்வர்டு படிச்ச பணக்கார வீட்டுப் பையன், அப்பா பாஸ்டன்ல பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்ல பார்ட்னர். 1933ல பாலன்ஷீனை அமெரிக்காவுக்குக் கூட்டிட்டு வந்தது இவர். அடுத்த வருஷம் ஆரம்பத்துலயே ஸ்கூல் திறந்தாச்சு, அது 1948ல கம்பெனியா நின்னுது. கம்பெனிக்கு இடம் கொடுத்த சிட்டி சென்டர்ல முக்கியமான ஆளு மார்ட்டன் பாம், அவரு ஒரு வக்கீல். 1989 வரைக்கும் கிர்ஸ்டீன்தான் ஜெனரல் டைரக்டர். அவர் இல்லைன்னா பாலன்ஷீன் ஐரோப்பாவுல ஏதோ ஒரு மியூசிக் ஹாலுக்கு ஸ்டெப் போட்டுக்கிட்டு இருந்திருப்பார்.

சலங்கை சாரதா:
தேவா, பாலன்ஷீன் இல்லைன்னா கிர்ஸ்டீன் கையில என்ன இருந்திருக்கும்? அப்பா பணமும் ஒரு வாடகை ஹாலும்.

அடையாறு அம்பி:
தேவா தம்பி, கிர்ஸ்டீன் நல்ல பாயிண்ட், ஆனா அதைக் கொண்டுவந்து திரெட்டைக் குழப்பாதீங்க. நான் டியாகிலெவ்ல நிக்கறேன்.

ஆடிட்டர் பத்ரி:
இதைத்தான் நானும் சொல்றேன், ரெண்டு நாற்காலி, ரெண்டு ஆளு. ஓ'ஹேரையே பாருங்க, ஆடறதை நிறுத்தினதும் நேரா டைரக்டர் ஆகலை. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனில நிர்வாகம் கத்துக்கிட்டு, கம்பெனி மேனேஜரா பல வருஷம் ஷெட்யூலும் டூரும் பார்த்து, அட்மினிஸ்ட்ரேட்டிவ் டைரக்டர் ஆகி, அதுக்கப்புறம்தான் அந்த இடம். யாராவது படிக்கறீங்களா?

சலங்கை சாரதா:
படிச்சேன். ஓ'ஹேர் டான்ஸர்னு நீங்களே சொல்லிட்டீங்க.

அடையாறு அம்பி:
படிச்சேன். டான்ஸரா இருந்தா மட்டும் போதாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க.

கோடம்பாக்கம் குமார்:
உதய் சங்கர் பத்தி யாருமே பேசலையே. லண்டன் ராயல் காலேஜ்ல பெயின்டிங் படிக்கப் போனவர், 1923ல பாவ்லோவா கூட கிருஷ்ணனா ஆடினார். முறையா யார்கிட்டயும் டான்ஸ் கத்துக்காமலேயே சொந்தமா ட்ரூப் வச்சு உலகம் சுத்தினார், அல்மோராவுல சென்டர் ஆரம்பிச்சார். அவர் எடுத்த கல்பனா படத்தை நம்ம ஜெமினி ஸ்டூடியோலதான் ஷூட் பண்ணாங்க, ஃப்ளைஓவர் இப்ப இருக்கற இடத்துல.

திருவான்மியூர் தேவா:
ஃப்ளைஓவர் இருக்கற இடத்துல இல்ல ப்ரோ, அது பக்கத்துல. இப்ப பார்க் ஹோட்டல் நிக்குதே அந்த இடம்.

கோடம்பாக்கம் குமார்:
அதான்யா நானும் சொல்றேன், ஃப்ளைஓவர்கிட்ட.

திருவான்மியூர் தேவா:
"இடத்துல"ன்னு போட்டிருக்கீங்க. மேல போய் பாருங்க.

கோடம்பாக்கம் குமார்:
போன மாசம் தியேட்டர் திரெட்லயும் இதே வேலைதான் பண்ணீங்க. நான் ஒண்ணு சொன்னா அதுல எழுத்துப் பிழை பாக்கறதுக்குன்னே ஒரு ஆளு.

சலங்கை சாரதா:
சினிமாவை விடுங்க. நம்ம ஊருக்கே வரேன். கலாக்ஷேத்ரா 1936ல எப்படி வந்தது? ருக்மிணி தேவி அதுக்கு முந்தின வருஷம் அடையாறு தியசாஃபிகல் சொசைட்டில தானே மேடையேறி ஆடினாங்க. மயிலாப்பூர் கௌரி அம்மாள்கிட்டயும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்டயும் உட்கார்ந்து கத்துக்கிட்டாங்க. அதுக்கும் முன்னாடி பாவ்லோவாகிட்ட பாலே. ஆடினதாலதான் அந்த நாட்டிய நாடகம் எல்லாம் அந்தத் தரத்துல வந்தது. 2005ல டைரக்டரா வந்த லீலா சாம்சனும் அங்கேயே படிச்சு ஆடினவங்கதான்.

அடையாறு அம்பி:
தப்பு. பாவ்லோவாகிட்ட கத்துக்கலை. பாவ்லோவா கம்பெனில இருந்த க்ளியோ நோர்டிகிட்ட கத்துக்கிட்டாங்க. பாவ்லோவா பண்ணது அறிவுரை, உன் நாட்டுக் கலையைப் பாருன்னு. அடையாறுல பொறந்து வளர்ந்தவன்கிட்ட ருக்மிணி தேவி கதையைச் சொல்றீங்களா?

மாம்பலம் மாமி:
எங்க பாட்டி அந்தக் காலத்துல சொசைட்டிக்குப் போய் வந்தவ. பாவ்லோவாவே கையைப் பிடிச்சு சொல்லிக் கொடுத்தான்னுதான் சொல்லுவா.

அடையாறு அம்பி:
பாட்டி கப்பல்ல கூட இருந்தாளா மாமி? ஆஸ்திரேலியா போற கப்பல்லதான் ரெண்டு பேருக்கும் நல்ல பழக்கம் ஆச்சு.

மாம்பலம் மாமி:
பெரியவா பேரை எடுத்து கிண்டல் பண்றது எல்லாம் வேண்டாம்.

சலங்கை சாரதா:
நோர்டியோ பாவ்லோவாவோ, ஆடினாங்களா இல்லையா?

அடையாறு அம்பி:
ஆடினாங்க, யார் இல்லைன்னா. ஆனா அவங்க ஆடறதுக்கு மேடை எங்கேர்ந்து வந்தது? சதிர்னு, பரதநாட்டியத்தோட பழைய பேரைச் சொன்னாலே மூஞ்சியைச் சுளிச்ச ஊர்ல, 1931லயும் 33லயும் மியூசிக் அகாடமி மேடையில கல்யாணி அம்மாள் மகள்களை ஆட வச்சது யாரு? இ. கிருஷ்ண ஐயர். தொழில் என்ன? வக்கீல்! அந்தப் பெரிய மனுஷர் மைக்ல திட்டினாரே, அதே வக்கீல். 33ல அந்தக் கச்சேரியைப் பார்த்துட்டுத்தான் ருக்மிணி தேவிக்கே இந்தக் கலை மேல பித்து பிடிச்சது. டியாகிலெவும் சட்டம் படிச்சவர். பாம் வக்கீல். இப்ப சொல்லுங்க, வக்கீல் கெடுத்தானா, வாழ வச்சானா?

சலங்கை சாரதா:
அம்பி சார்ர்ர்... நீங்களே வந்து மாட்டிக்கிட்டீங்க. கிருஷ்ண ஐயர் மேலட்டூர் நடேச ஐயர்கிட்ட கத்துக்கிட்டு, பெண் வேஷம் கட்டி தானே மேடையில ஆடினவர்! உங்க வக்கீலே டான்ஸர்!

ராயபுரம் ராக்கெட்:
சோலி முடிஞ்ச்

அடையாறு அம்பி:
இதுல மாட்டறதுக்கு என்ன இருக்கு? அவர் ஆடினது தனி, கச்சேரி நடத்தினது தனி. அவர் ஆடாம இருந்திருந்தாலும் அந்தக் கச்சேரியை ஏற்பாடு பண்ணியிருப்பார். நான் கேட்டது டியாகிலெவ். அரை நாளா கேக்கறேன், டியாகிலெவ் ஆடினாரா? கிரிகோரியெவ், ஓ'ஹேர், ருக்மிணி தேவி, பாட்டி, எல்லாம் வந்துட்டாங்க, அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வரலை.

சலங்கை சாரதா:
பதில் இதோ. 1921ல லண்டன் அல்ஹாம்ப்ரா தியேட்டர்ல ஸ்லீப்பிங் ப்ரின்சஸ்ங்கற பாலே போட்டு கடன்ல மூழ்கி, செட், காஸ்ட்யூம் எல்லாத்தையும் கடன்காரன் எடுத்துக்கிட்டான். 1929 ஆகஸ்ட்ல வெனிஸ்ல டியாகிலெவ் போனார், கம்பெனியும் அவரோடயே போச்சு. ஒரு ஸ்கூல் இல்ல, ஒரு வாரிசு இல்ல. டான்ஸர் ஆரம்பிச்ச ராயல் பாலே இன்னிக்கும் நடக்குது, பாலன்ஷீன் 1983ல போனதுக்கு அப்புறமும் நியூயார்க் சிட்டி பாலே நடக்குது. டான்ஸர்தான் அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். ஆடாதவனுக்கு சொல்லிக் கொடுக்க என்ன இருக்கு?

திருவான்மியூர் தேவா:
மேடம், அந்த நியூயார்க் ஸ்கூலுக்கு பணம் கொண்டுவந்தது கிர்ஸ்டீன்...

அடையாறு அம்பி:
தேவா, கொஞ்சம் இருங்க. மேடம், கம்பெனி செத்துச்சுங்கறீங்க, அதுலேர்ந்து வந்தவங்கதான் உங்க டி வலுவாவும் பாலன்ஷீனும், பாரிஸ் ஓபரா லிஃபாரும். நீங்க காலைல போட்ட பட்டியல்ல மூணு பேரு என் ஆளோட கம்பெனி ஆளுங்க. அமெரிக்கன் பாலே தியேட்டரையும் பாருங்க, லூசியா சேஸ் கூட 1945லேர்ந்து 1980 வரைக்கும் சேர்ந்து டைரக்டரா இருந்தவர் ஆலிவர் ஸ்மித், செட் டிசைனர், டான்ஸர் இல்ல. முப்பத்தஞ்சு வருஷம்!

சலங்கை சாரதா:
லூசியா சேஸ் ஆடினாங்க. ஸ்மித்தும் ஜேன் ஹெர்மனும், அதாவது ஆடாத ரெண்டு பேர், 1990லேர்ந்து 92 வரைக்கும் தனியா நடத்தினப்போ கம்பெனி திவால் விளிம்புக்குப் போச்சு, டான்ஸர் கெவின் மெக்கென்ஸி வந்துதான் தூக்கி நிறுத்தினார். அதைச் சொல்ல மாட்டீங்க.

ஆடிட்டர் பத்ரி:
தூக்கி நிறுத்தினதுல 95ல வந்த கெய்சருக்கும் பங்கு உண்டு, நான் முதல்லயே

அடையாறு அம்பி:
பத்ரி சார், ப்ளீஸ்.

ஆடிட்டர் பத்ரி:
இனிமே இந்த திரெட்ல நான் வரலை. டிசம்பர் சீசன்ல கம்பெனி கணக்கு எழுதித் தாங்கன்னு யாரும் என் வீட்டுக்கு வந்துடாதீங்க.

மாம்பலம் மாமி:
அம்பி இன்னும் பாட்டி விஷயத்துக்கு மன்னிப்புக் கேக்கலை.

கோடம்பாக்கம் குமார்:
தேவாவும் கேக்கலை.

திருவான்மியூர் தேவா:
நான் எதுக்கு கேக்கணும், ஹோட்டல் இருக்கற இடம்தான் ஸ்டூடியோ. நேர்ல வாங்க காட்டறேன்.

சலங்கை சாரதா:
எனக்கு நாலு மணிக்கு க்ளாஸ். ஆடறவங்களுக்கு வேலை இருக்கு.

அடையாறு அம்பி:
போயிட்டு வாங்க. லூசியா சேஸ் டான்ஸரா வந்தாங்களா, பணம் போட்ட பணக்காரியா வந்தாங்களான்னு தனியா ஒண்ணு எழுதிட்டு இருக்கேன், க்ளாஸ் முடியறதுக்குள்ள போட்டுடறேன்.