ஸ்பீக்கர் கேபினெட்டுக்கு ஒரு தமிழ்ச்சொல் – வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மு.ச., சென்னை – செவ்வாய் காலை

அன்புள்ள குழுவினருக்கு,

கிட்டார் பழகும் மாணவர்களுக்கு 40 பக்கத்தில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். எந்த ஆம்ப்புக்கு (கிட்டாரின் ஒலியை மின்சாரத்தால் பெருக்கும் கருவி) எந்த ஸ்பீக்கர் கேபினெட் (ஸ்பீக்கரைப் பொருத்திய மரப்பெட்டி), வாசிக்கிற அறை அந்த ஒலியை என்ன செய்கிறது, இவ்வளவுதான் பொருள். வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதல் சொல் கேபினெட். 'ஒலிபெருக்கிப் பெட்டி' என்று போட்டுப் பார்த்தேன். நம் வழக்கில் ஒலிபெருக்கி என்றால் ஸ்பீக்கரும் அதுதான், ஆம்ப்பும் அதுதான். "ஒலிபெருக்கியை ஒலிபெருக்கிப் பெட்டியோடு இணைக்கும்போது ஓம் அளவு பொருந்த வேண்டும்" என்று ஒரு வாக்கியம் வந்து விழுந்தது. ஓம் என்பது மின்தடையின் அளவு. வால்வு ஆம்ப் வைத்திருக்கும் பையன் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஓம் பொருந்தாத துளையில் செருகினால், வால்வோ டிரான்ஸ்ஃபார்மரோ போய்விடலாம். அவனுக்கு அது ஒரு வருடச் சேமிப்பு.

இரண்டாவது, 'ரூம் மோட்'. என் அறை 14 அடி நீளம். ஆம்ப் ஒரு கோடிச் சுவரில் இருக்கிறது. எதிர்ச்சுவரை ஒட்டி உட்கார்ந்து ஆறாம் தந்தியைத் திறந்து அடித்தால் நெஞ்சில் வந்து மோதுகிறது. நாற்காலியை மூன்றரை அடி முன்னால் இழுத்தால் அதே சுரம் எங்கே போனதென்றே தெரியவில்லை. இந்தச் சங்கதிக்கு ஒரு பெயர் வேண்டும்.

க.நி., கோவை – செவ்வாய் மதியம்

தம்பி, நான் 25 வருடமாக இதை அடித்துக்கொடுக்கிறேன். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் 'பாக்ஸ்'. மைக் செட்காரரும் பாக்ஸ் என்பார், சர்ச்சில் கிட்டார் வாசிக்கிற பையனும் பாக்ஸ் என்பான்.

ஒரு விஷயம் சொல்கிறேன், சொல் தேட உதவும். போன வருடம் ஒரு பையனுக்கு இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் போட்டு, 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில், பின்பக்கம் முழுக்க அடைத்து ஒரு பாக்ஸ் செய்தேன். அடித்தந்தி கல் மாதிரி வந்தது. ஆனால் அவனுக்குப் பிடிக்கவில்லை, ஒலி நேராகப் பாய்கிறது, பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் போகவில்லை என்றான். பின்பலகையைக் கழற்றி, நடுவில் மூன்றில் ஒரு பங்கை அறுத்து எடுத்துவிட்டு மறுபடி முடுக்கினேன். அதே ஸ்பீக்கர், அதே ஆம்ப். ஒலி பின்சுவரில் பட்டு அறை முழுக்கப் பரவியது. அடித்தந்தியின் கனம் மட்டும் குறைந்துவிட்டது. கூம்பு முன்னால் தள்ளும் நேரத்தில் பின்னால் இழுக்கிறது. அந்தப் பின் அலை சுற்றி வந்து முன் அலையைக் கரைத்துவிடும், தாழ்ந்த சுரத்தில்தான் அது அதிகம். ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், ட்வின் ரிவெர்ப் ஆம்ப் எல்லாம் பின்பக்கம் திறந்தவை. நான்கு 12 அங்குல ஸ்பீக்கர் வைத்த மார்ஷல் பாக்ஸ் மூடியது.

அதனால் வெறும் மரப்பெட்டி என்று நினைத்துப் பெயர் வைக்காதீர்கள். அது ஒலியை ஆக்குகிற சாமான்.

இரா.வே., தஞ்சாவூர் – செவ்வாய் இரவு

க.நி. அவர்களின் கடைசி வரிக்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது. யாழின் ஒலியை வாங்கிப் பெருக்கித் தருகிற உறுப்புக்குப் பத்தர் என்று பெயர், பத்தல் என்றும் வரும். பொருநராற்றுப்படை யாழைக் காட்டத் தொடங்குவதே 'குளப்புவழி யன்ன கவடுபடு பத்தல்' என்றுதான். மானின் குளம்பு பதிந்த இடம்போல நடு உயர்ந்து இருபுறமும் தாழ்ந்த பத்தல். சிலப்பதிகாரக் கானல்வரியில் 'பத்தரும் கோடும் ஆணியும் நரம்பும்' என்று உறுப்புகளின் வரிசையில் முதலில் நிற்பதும் இதுவே. நரம்புக் கருவிக்கு ஒலிதரும் உள்ளீடற்ற மரம் பத்தர் என்றால், கிட்டாருக்கு ஒலிதரும் உள்ளீடற்ற மரமும் பத்தர்தான்.

நீர் இறைக்கும் மரச்சாலுக்கும் பத்தல் என்று பெயருண்டு. குடைந்த மரம் என்பதே அடிப்படைப் பொருள். நெல் கொட்டும் பத்தாயமும் இதே வேரில் கிளைத்தது என்பது என் எண்ணம். பத்தை, பத்தி, பத்தாயம் என்று ஒரு குடும்பமே இருக்கிறது. நாளை விரிவாக எழுதுகிறேன்.

சி.அ., புதுச்சேரி – புதன் காலை

ஐயா, யாழ்ப் பத்தர் அருமையான நினைவூட்டல். பத்தாயத்தில்தான் எனக்கு ஐயம். ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து வேர் சொல்ல முடியாது. பத்திக்கு 'வரிசை' என்ற பொருளும் இருக்கிறது, அதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?

எனக்குள்ள தடை வேறு. இன்று பத்தர் என்றால் நகை செய்பவர். தேவாரம் படித்தவருக்கு அடியார். "முதுகு திறந்த பத்தர், முதுகு மூடிய பத்தர்" என்று எழுதினால் 16 வயது மாணவன் என்ன படம் காண்பான்? பேழை நல்ல சொல், ஆனால் ஒலிப்பேழையை ஒருகாலத்தில் கேசட்டுக்குக் கொடுத்துவிட்டோம். வெறும் பெட்டி என்றாலோ பாட்டுக்காரர்களுக்கு ஹார்மோனியம்.

'ஒலிக்கூடு' என்று வைக்கலாமே. கடிகாரக் கூடு, விளக்குக் கூடு என்று ஒரு பொருளைச் சுற்றி நிற்பதற்கு இந்தச் சொல் ஏற்கெனவே வழங்குகிறது. நம் குரல் முழங்குவதும் மார்புக்கூட்டில்தான். ஆம்ப் தனியாகப் 'பெருக்கி' ஆகிவிடும். "பெருக்கியை ஒலிக்கூட்டோடு இணைக்கும்போது" என்றால் குழப்பமில்லை.

திறப்பைச் சொல்ல 'பின்' என்ற சொல் வேண்டாம். "பின்திறந்த" என்பதைப் பிற்பாடு திறந்தது என்றும் படிக்கலாம். முதுகு என்பதே நேரான சொல்.

இரா.வே., தஞ்சாவூர் – புதன் மதியம்

அம்மா, மார்புக்கூடு என்றீர்கள், மறுக்க மனம் வரவில்லை. தொல்காப்பியப் பிறப்பியலின் முதல் நூற்பாவே 'உந்தி முதலா முந்துவளி தோன்றித் தலையினும் மிடற்றினும் நெஞ்சினும் நிலைஇ' என்றுதான் போகிறது. காற்று ஓர் இடத்தில் நிலைபெற்று ஒலியாகிறது என்பதைத் தொல்காப்பியர் நெஞ்சோடு சேர்த்தே சொன்னார்.

ஆனால் சொல்லை வேற்றுமைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். கூடு நெடில்தொடர்க் குற்றியலுகரம். உருபேற்றால் டகரம் இரட்டும்: கூட்டை, கூட்டில். அடையாக வந்தால் 'கூட்டு'. "ஒலிக்கூட்டு அளவு" என்று மு.ச. எழுதினால் பல ஒலிகளைக் கூட்டிய அளவு என்று படிப்பார்கள். ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே மரத்தில் இருப்பதைக் காம்போ என்கிறார்களாமே, நாளை யாராவது அதற்குக் 'கூட்டு' என்று பெயர் வைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். பத்தருக்கு இந்தத் தொல்லை இல்லை.

யோ.தே., யாழ்ப்பாணம் – புதன் மாலை

வணக்கம். கேபினெட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் அறைக்கு வருகிறேன். மு.ச. சொன்னது கணக்கில் அப்படியே வருகிறது. 14 அடி என்றால் 4.27 மீற்றர். 30 பாகை வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 349 மீற்றர் ஓடும். அந்த நீளத்தில் எழும் முதல் நிலை அலை (இரு சுவருக்கும் இடையில் நகராமல் நின்று அதிரும் அலை) 41 ஹேர்ட்ஸ், இரண்டாவது 82க்குச் சற்றுக் கீழே. கிட்டாரின் ஆறாம் தந்தி 82.4. ஆகவே அந்தச் சுரத்துக்கென்றே கட்டிய அறை அது. இரண்டாவது அலைக்கு இரு சுவரிலும் நடுவிலும் அமுக்கம் உச்சம், கால்பங்குத் தூரத்தில் சூனியம். 14இல் கால்பங்கு மூன்றரை அடி. அவர் நாற்காலியை இழுத்துப் போட்ட இடம் அதுதான்.

எங்கள் பௌதிகவியல் நூல்களில் இந்த நிகழ்வு 'பரிவு'. தமிழ்நாட்டில் ஒத்ததிர்வு என்பீர்கள். ஒன்று அதிரும்போது மற்றொன்று தானும் நடுங்குவதைப் பரிவு என்று பெயரிட்டவர் யாராயினும் அவரை நான் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் வாழ்த்துகிறேன். 'அறைப்பரிவு' என்று வையுங்கள்.

எதிர்முழக்கத்தோடு, அதாவது வாசித்து நிறுத்திய பிறகும் அறையில் நீளும் ஒலியோடு, இதைக் கலக்க வேண்டாம். அது அறையின் கனவளவும் ஒலியை உறிஞ்சும் பரப்பும் சேர்ந்து தீர்மானிப்பது. ஹார்வர்டில் சபின் என்ற பௌதிகவியலாளர் 1895 முதல் ஒரு விரிவுரை மண்டபத்தில் இருக்கை மெத்தைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அடுக்கி, ஒலி அடங்க எத்தனை வினாடி ஆகிறது என்று இரவிரவாக அளந்து கண்டதும் அதைத்தான். மெல்லிய மெத்தையும் திரைச்சீலையும் எதிர்முழக்கத்தைக் குறைக்கும். 82 ஹேர்ட்ஸை அவற்றால் ஒன்றும் செய்ய ஏலாது, அந்த அலையின் நீளமே நான்கு மீற்றருக்கு மேல். பெட்டியையோ ஆளையோ நகர்த்துவதுதான் எளிய வழி.

ந.மா., பெங்களூர் – புதன் இரவு

ஒலிக்கூடு, அறைப்பரிவு இரண்டும் ஏற்கத்தக்கவை. ஆனால் மு.ச. அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் ஒலியின் தன்மையைச் சொல்ல 'டோன்', 'தொனி' இரண்டும் மாறிமாறி வருகின்றன. தொனி தமிழில்லை, வடமொழித் த்வனி. காதுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் டோனுக்கும் அதற்கும் உறவுமில்லை. டோன் கிரேக்க டோனோஸ், இழுத்துக் கட்டுதல் என்று பொருள். இரண்டையும் நீக்கி 'ஒலிவண்ணம்' என்று எழுதுங்கள். ஓசை வேறுபாட்டுக்கு வண்ணம் என்பது யாப்பிலேயே உண்டு, தொல்காப்பியர் இருபது வகை சொல்கிறார்.

சி.அ., புதுச்சேரி – புதன் இரவு

வண்ணமும் வர்ணத்திலிருந்து வந்ததென்று சொல்வார்கள், இல்லையென்றும் சொல்வார்கள். இந்த வழியில் போனால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். 'சிதைந்தன வரினும் இயைந்தன வரையார்' என்றவரும் அதே தொல்காப்பியர்தான். தொனி நம் ஓசைக்கு இயைந்துவிட்டது, "அவன் பேசிய தொனி" என்று பாமரரும் சொல்கிறார்கள். இருக்கட்டும்.

ந.மா., பெங்களூர் – வியாழன் காலை

அந்த நூற்பாவைக் கதவை முழுக்கத் திறந்துவிடுவதற்குச் சான்றாக்குவதை நான் ஏற்கவில்லை. முந்தைய நூற்பா 'வடவெழுத்து ஒரீஇ' என்று வரம்பு கட்டுகிறது. அதோடு, நாம் இங்கே செய்வது புதுச்சொல் ஆக்கம். புதிதாக ஆக்கும்போதாவது சொந்த வேரில் ஆக்க வேண்டாமா?

க.நி., கோவை – வியாழன் காலை

ஐயாமார் மன்னிக்க வேண்டும். இந்தக் கையேட்டைப் படித்துவிட்டு ஒரு பையன் என் பட்டறைக்கு வந்து "முதுகு மூடிய ஒலிக்கூடு ஒன்று வேண்டும்" என்றால் எனக்குச் சந்தோஷம்தான், சொல்லைக் கேட்டதும் புரிகிறது. பத்தர் என்று கேட்டிருந்தால் தெரு முனை நகைக்கடைக்கு அனுப்பியிருப்பேன். ஆனால் கடையில் ஸ்பீக்கர் வாங்குவது அவன்தான். பெட்டியின் மேல் இங்கிலீஷில்தான் எழுதியிருக்கும். செலஸ்டியன் கம்பெனி ஸ்பீக்கரில் 'வின்டேஜ் 30' என்று இருக்கும், அந்த 30 வாட் அளவு இல்லை, அது 60 வாட் தாங்கும் ஸ்பீக்கர். அதே கம்பெனியின் கிரீன்பேக் 25 வாட், அதை ஒற்றையாகப் போட்டு 50 வாட் ஆம்ப்பை முறுக்கினால் சுருள் கருகும். இதையெல்லாம் சரியாகச் சொல்லிவிட்டுத் தொனியா வண்ணமா என்று பாருங்கள்.

இன்னொன்றும் சேருங்கள். பையன்கள் பாக்ஸைத் தரையில் வைத்து ஓரடி தள்ளி நின்று வாசிக்கிறார்கள். 12 அங்குலக் கூம்பின் கூர்மையான ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். அது முழங்காலில் படுகிறது, காதுக்கு வரவில்லை. அதனால் கூர்மையான ஒலிக்கான டிரெபிளைத் திருகி ஏற்றுகிறான், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் காது கிழிகிறது. ஒரு நாற்காலிமேல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். மூலையில் வைக்கவும் வேண்டாம். ஒரு சுவரை ஒட்டினாலே அடிச்சுரம் 6 டெசிபெல் வரை ஏறும், மூலையில் இன்னும் ஏறும்.

மு.ச., சென்னை – வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. ஒலிக்கூட்டுக்கு நான்கு பேர், பத்தருக்கு ஒருவர். யோ.தே. கேபினெட்டில் கருத்துச் சொல்லவில்லை. கையேட்டில் ஒலிக்கூடு என்றே போடுகிறேன். இரா.வே. ஐயா சொன்ன சிக்கலுக்காக 'ஒலிக்கூட்டு அளவு' என்று எங்கும் எழுதவில்லை, 'ஒலிக்கூட்டின் அளவு' என்று சாரியை போட்டுவிட்டேன். முதல் பக்கத்திலேயே, கடையில் கேபினெட், பட்டறையில் பாக்ஸ் என்று கேட்கவும் எழுதிவிட்டேன்.

அறைப்பரிவை நான் விரும்பினாலும் தமிழ்நாட்டு மாணவன் பள்ளியில் படித்தது ஒத்ததிர்வு. தலைப்பில் 'அறைப்பரிவு', கீழே முதல் வரியில் 'அறையின் ஒத்ததிர்வு' என்று இரண்டையும் வைத்திருக்கிறேன். தொனி அப்படியே இருக்கிறது. டோன் போய்விட்டது. அந்த அதிகாரம் இப்படித் தொடங்குகிறது:

"ஸ்பீக்கரைச் சுற்றி ஒரு கூடு இருக்கிறது. அந்தக் கூட்டைச் சுற்றி நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறை இருக்கிறது, அதுவும் ஒரு கூடுதான். சின்னக் கூட்டைக் காசு கொடுத்துத் தேர்ந்தெடுக்கலாம். பெரிய கூட்டைப் பெரும்பாலும் மாற்ற முடியாது, அதற்குள் எங்கே உட்காருவது என்பதை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். காது எங்கே இருக்கிறதோ அங்கே நின்று கேட்டுவிட்டு ஆம்ப்பின் திருகில் கை வையுங்கள்."

இரா.வே., தஞ்சாவூர் – வெள்ளி காலை

பத்தி நன்றாக வந்திருக்கிறது. கூடு என்ற சொல் இல்லாமல் அதை எழுதியிருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். ஒரு சொல் பேச்சில் வழங்கவில்லை என்பதால் அது செத்துவிடவில்லை, யாழின் உறுப்பு என்று நூலில் உயிரோடிருக்கிறது. அடுத்த பதிப்பில் ஓர் அடிக்குறிப்பிலாவது பத்தருக்கு இடம் கொடுங்கள். பத்தாயத்தைப் பற்றித் தனியாக எழுதுவேன்.

க.நி., கோவை – வெள்ளி மதியம்

தம்பி, ஸ்பீக்கரைத் துளைபோட்டு முடுக்குகிற பேஃபிள் பலகைக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? நாங்கள் முன்பலகை என்போம்.

மு.ச., சென்னை – வெள்ளி மதியம்

'தடுப்புப் பலகை' என்று போட்டிருந்தேன், ஐயா. முன் அலையையும் பின் அலையையும் அதுதானே பிரித்துத் தடுக்கிறது. அச்சகம் ஐந்து மணிவரை காத்திருக்கும் என்கிறார்கள். முன்பலகை என்றே மாற்றிவிடட்டுமா? யாராவது சொல்லுங்கள்.